மரப்படகோடு ஒரு வருஷம்: தண்ணீரில் 34 நாள், கரையில் 52 நாள்

வணக்கம் நண்பர்களே.

பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கி இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நேற்று இரவு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பாய் ஏற்றித் தண்ணீரில் இருந்தது 34 நாள். உப்புத்தாளும் உளியும் தூரிகையுமாகக் கரையில் இருந்தது 52 நாள். வாங்குகிற அன்றைக்கு யாராவது இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் தயங்கியிருப்பேன். இப்போது அந்த 52 நாளில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். படித்துவிட்டு உங்கள் வருஷம் எப்படிப் போனது என்று நீங்களும் எழுதுங்கள்.

முதலில் படகைப் பற்றி. மிர்ரர் வகை. 1962-ல் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னலும் சேர்ந்து வடிவமைத்தது. நீளம் 3.3 மீட்டர், உடம்பு மட்டும் 45 கிலோ சொச்சம். பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோலத் தைத்து, மூட்டுகளின் மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்துப் பிசின் பூசி ஒட்டிவிடுவார்கள். தச்சு வேலை தெரியாதவரும் வீட்டிலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்று யோசித்துச் செய்த முறை அது. 70,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். என் படகையும் யாரோ ஒருவர் வீட்டில்தான் கட்டியிருக்கிறார். உள்பக்க மூட்டு ஒன்றில் பிசினோடு சேர்ந்து இறுகிப்போன அவருடைய கைரேகை இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்காமல் அப்படியே விட்டு வார்னிஷ் பூசியிருக்கிறேன்.

என்னோடு வருவது அக்கா மகள். வயது 13. முன்பாய் அவள் பொறுப்பு, சுக்கானும் பெரிய பாயும் என் பொறுப்பு.

இனி விஷயம்.

மூன்றாவது மாதம் சுக்கானில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அலை பின்னாலிருந்து தூக்கும்போது மட்டும் ‘டக்’ என்று ஒரு முறை. சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு அது காதுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். சுக்கானைப் பின்பலகையில் மாட்டும் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே தேய்மானம், அதனால் ஆட்டம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் ‘சுக்கான் – லேசான ஆட்டம்’ என்று எழுதியும் வைத்தேன். மூன்று வாரம் தொடர்ந்து அதே வரியை எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர, குனிந்து அந்தத் திருகாணிகளைத் தொட்டுப் பார்க்கவில்லை.

நான்காவது வாரம், காற்று 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) அளவில் சீராக இருந்தது. காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 4. தண்ணீர் மேல் வெள்ளை நுரை பரவலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. பக்கக்காற்றில் படகு நன்றாக ஓடியது. கரை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. ஓர் அலை பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டது. கையிலிருந்த டில்லரில் எடை என்பதே இல்லாமல் போனது. திரும்பிப் பார்த்தால் கீழ் வளையம் பலகையிலிருந்து பிய்ந்து, திருகாணிகளோடு தொங்குகிறது. சுக்கான் மேல் கொக்கியில் மட்டும் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் மிதக்கிறது. படகு தானாகக் காற்றுக்கு முகம் திருப்பி நின்றது. பாய் இரண்டும் படபடவென்று அடித்தன.

“மாமா, இப்ப என்ன பண்றது?” என்றாள். பயந்த குரலாக இல்லை, வேலை கேட்கிற குரலாக இருந்தது. அந்தக் குரல்தான் என்னை நிதானத்துக்குக் கொண்டுவந்தது.

சுக்கானைக் கழற்றி உள்ளே போட்டேன். அப்புறம் நடந்த ஒரு மணி நேரத்தில்தான் பாய்ப்படகு எப்படித் திரும்புகிறது என்று எனக்கு உண்மையாகப் புரிந்தது. முன்பாயை இழுத்தால் அணியம், அதாவது படகின் மூக்கு, காற்றை விட்டு விலகும். பெரிய பாயை இழுத்தால் அணியம் காற்றை நோக்கி ஏறும். படகைக் காற்று போகிற பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். காற்று வருகிற பக்கம் சாய்த்தால் விலகும். படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பலகையான டாகர்போர்டைக் கொஞ்சம் மேலே தூக்கினால் காற்றை நோக்கி ஓடுகிற பிடிவாதம் குறையும். படித்த பாடம்தான் எல்லாம். ஆனால் சுக்கான் கையில் இருக்கிறவரை இதில் எதையும் நாம் கவனிப்பதில்லை. பாய் தப்பாக இருந்தாலும் சுக்கானைப் பிடித்து இழுத்துச் சமாளித்துவிடுகிறோம்.

அவள் முன்பாய்க் கயிற்றை ஒரு சாண் இழுப்பாள், அரைச் சாண் விடுவாள். நான் பெரிய பாயைத் தளர விட்டுப் பிடித்தேன். துடுப்பைப் பின்பலகை மேல் வைத்துக் கொஞ்சம் வழிகாட்டினேன். “விடு… போதும்… இழு” என்று சொல்லிக்கொண்டிருந்தவன் பாதி தூரத்துக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். அதற்குள் அவளே அணியத்தைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்திருந்தாள். கோணலும் மாணலுமாகத்தான் போனோம். ஆனால் கிளம்பிய இடத்திலேயே கரை சேர்ந்தோம்.

மறுநாள் பின்பலகையைத் திருகாணி ஓட்டியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல மரத்தில் ‘டொக் டொக்’. கீழ் வளையம் இருந்த இடத்துக்கு வந்ததும் ‘தப் தப்’ என்று செத்த சத்தம். குத்தூசியை வைத்து அழுத்தினேன். ரொட்டிக்குள் போவதுபோல உள்ளே போனது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு மரம் பஞ்சாகிவிட்டது.

காரணத்தைத் தேடினேன். ரெண்டு விஷயம் சேர்ந்திருந்தன. ஒன்று, முன்பு யாரோ திருகாணிகளை வெறும் துளையில் இறக்கியிருந்தார்கள். பிளைவுட்டில் துளை போட்டால் ஒவ்வோர் அடுக்கின் வெட்டுமுனையும் திறந்துகொள்ளும். அந்த முனை வழியாகத்தான் மரம் தண்ணீரை உறிஞ்சும். இரண்டாவது காரணம் நானே. படகைச் சும்மா நிறுத்தியிருந்த மாதங்களில் படகை மிதக்க வைக்கும் காற்றுத் தொட்டிகளில் பின்தொட்டியின் வட்ட மூடியை இறுக்கி வைத்திருந்தேன். மழைத்தண்ணீர் போகக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஏற்கனவே உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போய்விட்டது. மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நிலைத்துவிட்டால் அழுகல் பூஞ்சைக்கு அது போதும். மூடியைத் திறந்தபோது வந்த காளான் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. இப்போதெல்லாம் கரை ஏறியதும் முதல் வேலை எல்லா மூடிகளையும் திறந்து, மேலே காற்றுப் போகும்படி உறையைத் தூக்கிக் கட்டுவதுதான்.

வேலைக்கு ஐந்து வாரம் பிடித்தது. அழுகியதை நல்ல மரம் வரும்வரை உளியால் எடுத்தேன். காய விட்டதுதான் பெரும்பகுதி நேரம். ஈர மரத்தில் எப்பாக்ஸிப் பிசின் பிடிக்காது. புதுத் துண்டை வெட்டி, ஒன்றுக்கு எட்டு என்ற கணக்கில் சரிவு சீவி ஒட்டினேன். 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. நீளச் சரிவு. பழைய பலகையில் ஒரு சரிவு, புதியதில் அதே சரிவு, ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும். மூன்று துண்டுகள் வீணாயின. நான்காவது துண்டு வைத்தவுடன் உட்கார்ந்தது. பெயின்ட் அடித்தபின் யாருக்கும் அந்த மூட்டு தெரியாது. எனக்குத் தெரியும், விரலை வைத்தே காட்டுவேன்.

எப்பாக்ஸி பற்றி, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதல் நாள் ஒரே கோப்பையில் நிறையக் கலந்தேன். பத்து நிமிஷத்தில் கோப்பை சுட்டது, புகை வந்தது, கல்லாகிவிட்டது. இறுகும்போது வெப்பம் வரும். குவியலாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் இன்னும் வேகமாக இறுகும். கொஞ்சமாகக் கலந்து உடனே அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். அடுத்து, இறுகிய எப்பாக்ஸி மேல் சில சமயம் மெழுகு தடவினாற்போல வழவழப்பு ஒன்று படியும். அதை உப்புத்தாளால் தேய்த்தால் போகாது, இன்னும் பரவும். முதலில் தண்ணீர் விட்டுத் துடைத்து எடுக்க வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். இது தெரியாமல் அடித்த என் முதல் வார்னிஷ் பூச்சு ஒரு வாரமாகியும் கையில் ஒட்டியது. எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது என்பதால் மேலே வார்னிஷோ பெயின்ட்டோ கட்டாயம்.

திருகாணித் துளைகளுக்குச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்து, முழுக்கக் கெட்டியான எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். இனி இரும்பு தொடுவது எப்பாக்ஸியை, மரத்தை அல்ல. உள்பக்கம் ஒரு தாங்குபலகை ஒட்டி, திருகாணிக்குப் பதில் ஊடுருவிப் போகும் போல்ட்டும் அகல வாஷரும் போட்டிருக்கிறேன்.

பாய்த்துணியில் நான் கற்றது ஒன்றே ஒன்று. துணிக்கு முன் நூல் சாகும். வெயில் முதலில் தின்பது தையலைத்தான். தையல் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்தி ஓட்டிப் பாருங்கள், நூல் பிசிறு பிசிறாக வந்தால் மறுபடி தைக்க வேண்டிய நேரம். நான் பழைய ஊசித் துளைகளிலேயே மெழுகுப் பாலியஸ்டர் நூலால் கையால் தைத்தேன். இரண்டு மாலைகள் ஆயின.

படகு தண்ணீருக்குத் திரும்பிய மாதம் நாங்களே வேண்டுமென்று அதைக் கவிழ்த்தோம். ஆழமான, காற்று குறைந்த இடம், இருவருக்கும் லைஃப் ஜாக்கெட், கரையில் பார்த்துக்கொள்ள ஆள். அவள் படகின் உள்பக்கம், பாய்க்கட்டை அருகே மிதந்தாள். நான் டாகர்போர்டைப் பிடித்து ஏறி, அவள் வீசிய முன்பாய்க் கயிற்றை இழுத்துச் சாய்ந்தேன். படகு எழும்போது அவளையும் உள்ளே வாரிக்கொண்டு எழுந்தது. ஐந்து முறை செய்தோம். கரையில் பார்த்தால் இடப்பக்கத் தொட்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குழாய் வழியாக வாயால் மெதுவாக ஊதினோம். நாடாவின் ஓர் ஓரத்தில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. (காற்றடிக்கும் இயந்திரத்தை வைக்காதீர்கள், மூட்டே பிரிந்துவிடும்.) அந்தக் கசிவை நிஜமாகக் கவிழ்ந்த நாளில் கண்டுபிடிக்காமல் இப்படிக் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி.

எதற்காக இவ்வளவும் என்று கேட்டால், ஒரு மாலையைச் சொல்வேன். பத்தாவது மாதம். காற்று கிட்டத்தட்ட இல்லை. இருவரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தோம், பின்பலகை தண்ணீரை விட்டு மேலே வரட்டும் என்று. படகைக் காற்று போகிற பக்கம் லேசாகச் சாய்த்தோம். பாய் தன் எடையிலேயே தொங்கி வயிறு வாங்கியது. படகு நகர்கிறதா என்றுகூடத் தெரியாது. பிறகு அணியத்துக்கு அடியில் ‘கிளுக்… கிளுக்…’ என்று தண்ணீர் பேச ஆரம்பித்தது. ஒரு நீர்க்காகம் கைக்கெட்டும் தூரத்தில் மூழ்கி எழுந்தது. அலகில் வெள்ளியாக ஒரு மீன். எங்களைப் பார்த்தது, பறக்கவில்லை. டில்லரை இரண்டு விரலால் பிடித்திருந்தேன். அதில் எந்தச் சத்தமும் இல்லை. ஐந்து வாரம் அந்தப் பலகையோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த மௌனம் எவ்வளவு பெரியது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

*

மறுமொழி

அண்ணா, சுக்கான் பகுதியை இரண்டு முறை படித்தேன். உங்கள் அக்கா மகளுக்கு என் வாழ்த்து.

எனக்கும் ஒரு சந்திப்பு நடந்தது, கப்பலோடு. அதன் வேரும் ஒரு சின்னப் பராமரிப்பு வேலையில்தான் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் படகின் முன்பாயில் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் உண்டு. பாய் மறைக்கிற பக்கம் என்ன வருகிறது என்று அதன் வழியாகத்தான் பார்க்க முடியும். ஒவ்வொரு முறையும் பாயை மடித்து வைத்ததில் மடிப்பு அந்த ஜன்னல் மேலேயே விழுந்து, கோடு கோடாக வெளுத்து, கடைசியில் பால் நிறத்துக்கு வந்துவிட்டது. ‘பாய் நல்லாத்தானே இருக்கு, ஜன்னலுக்காக யார் பிரிக்கிறது’ என்று ஒரு பருவம் முழுக்கத் தள்ளிப்போட்டேன்.

கழிமுகத்தில் கப்பல் போகிற கால்வாய்க்கு ஓரமாக ஏறிக்கொண்டிருந்தேன். தனியாக. வற்றம், அதாவது கடல் நீர் இறங்குவது, தொடங்கி மூன்றாவது மணி நேரம். ஓட்டம் எப்போது வலுவாக இருக்கும் என்பதற்கான பன்னிரண்டில் பங்குக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஆறு மணி நேரத்தில் 1, 2, 3, 3, 2, 1. மூன்றாம் நான்காம் மணியில் மட்டுமே மொத்தத் தண்ணீரில் பாதி ஓடிவிடும். காற்று ஒரு பக்கம், நீரோட்டம் எதிர்ப்பக்கம். அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. என் கவனம் முழுக்க அந்த அலைகளில். ஓட்டம் என்னைப் பக்கவாட்டில் கால்வாய்க்குள்ளே தள்ளிக்கொண்டு வந்ததை நான் உணரவே இல்லை.

ஐந்து ஊதல். குட்டையாக, அடுத்தடுத்து. வயிறு அதிர்ந்தது. குனிந்து பாய்க்குக் கீழே பார்த்தேன். வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு அணியம்.

1972-ன் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் குறைந்தது ஐந்து குட்டை ஊதல் என்றால், ‘உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை, நீ போதுமான நடவடிக்கை எடுக்கிறாயா என்று சந்தேகமாக இருக்கிறது’ என்று பொருள். அதே விதிகளில் 9-வது விதி, குறுகிய கால்வாய்க்குள் மட்டுமே பாதுகாப்பாகப் போகக்கூடிய கப்பலுக்குப் பாய்ப்படகோ 20 மீட்டருக்குக் குறைந்த படகோ இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்கிறது. எஞ்சினை விடப் பாய்க்கு முன்னுரிமை என்று பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அது அங்கே செல்லாது. கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கிறவருக்கு அணியத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப்பரப்பு ஒன்றும் இருக்கும். 500 மீட்டர்வரை, அல்லது கப்பலின் நீளத்தைப் போல இரண்டு மடங்குவரை, இரண்டில் எது குறைவோ அதுவரை அனுமதி உண்டு. அதற்குள் நான் போய்விட்டிருந்தால் அவருக்கு நான் இல்லவே இல்லை.

உடனே பாயைத் தளர்த்தி, காற்றோட்டத்தில் கால்வாய்க்கு வெளியே ஓடிவிட்டேன். கப்பல் கடந்து போனது. மேலே ஒருவர் கையை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன். கை நடுங்கியது.

அந்த வாரமே ஜன்னலை மாற்றினேன். முறை இது: பழையதை முதலில் வெட்டாதீர்கள், பாயின் வடிவம் இழுபட்டுவிடும். புது பிளாஸ்டிக்கை இருபக்க ஒட்டு நாடாவால் மேலே ஒட்டி, சுற்றிலும் இரண்டு வரிசை கோணல்மாணல் தையல் போட்டு, அதன் பிறகு பின்பக்கத்திலிருந்து பழையதை வெட்டி எடுங்கள். இப்போது பாயை மடிப்பதில்லை, சுருட்டுகிறேன். ஜன்னல் இருந்தும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குனிந்து பாய்க்குக் கீழே பார்க்கிற பழக்கமும் வந்துவிட்டது.

*

மறுமொழி

என்னுடையது சின்ன அனுபவம்தான். பாய்ப்படகில் துணைக்கு ஒரு சிறு அவுட்போர்டு மோட்டார் வைத்திருக்கிறேன். கிளம்பிப் பத்து நிமிஷம் நன்றாக ஓடும், பிறகு அணைந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டுக் கயிற்றை இழுத்தால் மறுபடி பத்து நிமிஷம். பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், எரிபொருளைப் புதிதாக ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் தொட்டி மூடியில் இருக்கும் காற்றுத் திருகு மூடியிருந்தது. எரிபொருள் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மோட்டாருக்கு எரிபொருள் போவது நின்றுவிடுகிறது. இரண்டு மாதம் அதில் போனது. யாராவது இதே தொல்லையில் இருந்தால் முதலில் அந்தத் திருகைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, குளிர்ச்சித் தண்ணீர் பின்னால் பீய்ச்சி வருகிறதா என்று கிளம்பிய உடனே பார்த்துவிடுங்கள். மோட்டாருக்கு அதுதான் நாடி.

*

மறுமொழி

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. பின்பலகை வேலையில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. போல்ட் போட்டது சரி. ஆனால் வருஷம் ஒரு தரம் அதைக் கழற்றிப் பார்த்து, புதிதாக ஸீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வைத்துப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்கிறோம். காற்றுப் படாத ஈர இடுக்கில் அதுவும் உள்ளுக்குள்ளே அரிக்கும். வெளியே தலை மின்னும், நடுத்தண்டு மெலிந்திருக்கும். அலுமினியப் பாய்மரம் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. உப்புத் தண்ணீரில் அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். திருகாணியைச் சுற்றி வெள்ளை மாவுபோலப் படிந்தால் அதுதான் அடையாளம். நடுவே லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) தடவிப் போட்டால் ரொம்ப காலம் தாங்கும்.

பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் பக்கக் கம்பிகளை விட்டுவிட்டீர்கள். நான் பஞ்சை எடுத்து ஒவ்வொரு கம்பியையும் மேலிருந்து கீழ்வரை துடைப்பேன். பத்தொன்பது இழை முறுக்கிய கம்பியில் ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் துடைக்காதீர்கள், சதையைக் கிழித்துவிடும்.

இந்த வருஷம் என் கம்பி அறுந்து போகவில்லை. ஆனால் விட்டுப்போகப் பார்த்தது. நடந்தது இதுதான். கம்பியைப் படகோடு பிணைக்கிற முளை இருக்கிறதே, அது கழன்று வராமல் இருக்க ஒரு சின்னச் சுருள் வளையம் போட்டிருக்கும். சாவிக்கொத்து வளையம்போல, விரல்நகம் அளவு. முன்பாய்க் கயிறு ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் அதை உரசிக்கொண்டே போகும். உரசி உரசி ஒரு நாள் அந்த வளையத்தின் வாயைத் திறந்து, நூலில் கோத்ததுபோல வெளியே இழுத்துவிட்டது. எனக்குத் தெரியாது.

காற்று ஏறிக்கொண்டிருந்த நேரம். காலையில் 10 நாட், அப்போது 14 இருக்கும். நான்கு நாட்தானே என்று தோன்றும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பாயைச் சுருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த திருப்பம்வரை போகலாம் என்று போனேன். காற்று வருகிற பக்கக் கம்பியில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். பார்த்தால் முளை பாதி வெளியே வந்துவிட்டது.

யோசிக்கவே இல்லை. டில்லரைத் தள்ளிப் படகைப் பக்கம் மாற்றிவிட்டேன். காற்று அடுத்த பக்கம் வந்ததும் பாரம் முழுக்க நல்ல கம்பிக்குப் போய்விட்டது, இந்தக் கம்பி தொய்ந்து ஆடியது. ஒரு கையால் முளையை உள்ளே தள்ளி, பாயை இறக்கி, துண்டுக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். கம்பி போனால் உடனே பக்கம் மாற்று என்று எனக்குப் பாய் பழக்கிய பெரியவர் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார். முப்பது வருஷம் கழித்து அந்த வார்த்தை கைக்கு வந்தது. இல்லையென்றால் பாய்மரம் தலைமேல் விழுந்திருக்கும்.

வளையத்தின் மேல் இரண்டு சுற்று டேப் சுற்றிவிட்டால் போதும். கயிறு வழுக்கிக்கொண்டு போய்விடும். டேப் வெயிலில் உரியும், பருவத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். கிளம்பும் முன் பிள்ளையை விட்டே அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேலை அவள் பொறுப்பு என்றால் ஒரு நாளும் மறக்க மாட்டாள்.

*

பதிவைத் தொடங்கியவர்

அனைவருக்கும் நன்றி. ஐயா, உங்கள் மறுமொழியைப் படித்துவிட்டு இன்று காலை பஞ்சை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனோம். போல்ட்டுகளை அடுத்த மாதம் கழற்றிப் பார்க்கிறேன், நோட்டில் தேதியோடு எழுதிவிட்டேன். கப்பல் அனுபவத்தை எழுதிய தங்கைக்கு: எங்கள் முன்பாயில் ஜன்னலே இல்லை. இனி முன்னால் உட்காருகிறவள் குனிந்து பார்த்து ‘காலி’ என்று சொன்னால்தான் பக்கம் மாற்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

கம்பிகளில் பஞ்சு எங்கும் மாட்டவில்லை. வளையங்களை அவள்தான் பார்த்தாள். வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் வந்ததும் நின்றாள். “மாமா, இங்க வாங்க” என்றாள். வளையத்தின் ஒரு முனை நிமிர்ந்து, முளைத் துளையிலிருந்து முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. அதில் முன்பாய்க் கயிற்றின் நீல நூலிழை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. நேற்று மாலைகூட இந்தப் படகில்தான் போய்வந்தோம்.

புது வளையம் போட்டு, இரண்டு சுற்று டேப் சுற்றியிருக்கிறாள். பழைய வளையத்தைக் கழுவி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.